பஞ்சாலையும் பாலரும்

தொழில்களின் வரலாற்றைச் சிறு பிள்ளைகளுக்கு நூலின் வாயிலாக உணர்த்துதல் எளிதன்று. ஆண்டுகளும் பெயர்களும் அவர்தம் மனத்தில் நில்லா. கையால் தொட்டதும் காதால் கேட்டதும் நிற்கும். ஆதலின், பழம்பொருள்களைக் கண்ணாடிப் பேழைக்குள் பூட்டி வையாது, இயந்திரங்களை ஓட்டிக் காட்டும் நூதனசாலைகள் கல்விக்குப் பெருந்துணை புரிகின்றன. இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகருக்கு அண்மையில், ஸ்டையல் என்னும் ஊரிலுள்ள குவாரி பாங்க் பஞ்சாலை அத்தகையது.

பொலின் ஆற்றங்கரையில் இவ்வாலையைச் சாமுவேல் கிரெக் என்னும் வணிகர் 1784 ஆம் ஆண்டில் நிறுவினார். அவர் மரபினர் ஒருவர் 1939 இல் இதனை நாஷனல் டிரஸ்ட் என்னும் அறநிலையத்துக்கு அளித்தார். 1959 இல் உற்பத்தி நின்றது. பின்னர் ஆலை நூதனசாலையாயிற்று.

இத்தகைய இடத்துக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்வோர் சிறிய பொருளிலிருந்து தொடங்குதல் நன்று. ஒரு பிடி பஞ்சைக் கொடுத்து இழுக்கச் சொன்னால் அது உடனே பிரிந்துபோம். முறுக்கிக்கொண்டே இழுக்கச் சொன்னால் நூலாய் நீளும், எளிதில் அறாது. நூற்றல் என்பது இழுத்தலும் முறுக்குதலுமே என்பதை ஐந்து வயதுப் பிள்ளையும் தன் விரல்களாலேயே அறிந்துகொள்ளும். இராட்டை ஒரு கதிரிற் செய்யும் இவ்வேலையை, ஆலையின் மியூல் இயந்திரம் நூற்றுக்கணக்கான கதிர்களில் ஒருங்கே செய்கின்றது.

அடுத்துக் காணவேண்டியது நீர்ச்சக்கரம். ஆற்றுநீரின் பாரத்தால் அது மெல்லச் சுழல்கின்றது. பெரிய பற்சக்கரம் சிறியதைச் சுழற்ற, சிறியது விரைந்து ஓடுகின்றது. இவ்வாறே மந்தமான ஆற்றின் வலிமை, மாடிகளிலிருந்த கதிர்களின் வேகமாக மாறியது. தறிக்கூடத்தின் பேரோசை இளம்பிள்ளைகளை அச்சுறுத்தக்கூடும். முதலில் வாயிலில் நின்று கேட்கச் செய்து, பின்னர் உள்ளே அழைத்துச் செல்லலாம். களைப்புறுமுன் வெளியேறுதலும் வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நாளிற் காட்ட முயல்வது வீண்.

இவ்வளவுடன் நின்றுவிட்டால் பாதியே கற்பித்ததாகும். இப்பேரோசைக்கு நடுவே நாள் முழுதும் நின்றவர் யாவர் என்ற வினா எழவேண்டும். ஆலைக்கு அருகே 1790 இல் கட்டப்பட்ட தொழில்பயில்வோர் இல்லம் அதற்கு விடை கூறும். ஏழையர் விடுதிகளிலிருந்து கொணரப்பட்ட சிறுவர் சிறுமியர் அங்குத் தங்கி, நாளொன்றுக்கு ஏறத்தாழப் பன்னிரண்டு மணி நேரம் உழைத்தனர். உணவும் உடையும் உறையுளுமே ஊதியம். மருத்துவரும் மாலைப் பாடமும் அவர்க்கு வாய்த்தது உண்மை. அக்காலத்தில் அதுவே அரிது. ஆயினும், தாமஸ் பிரீஸ்ட்லி என்னும் பதின்மூன்று வயதுச் சிறுவன், இயந்திரத்தில் ஒரு விரலை இழந்தபின், 1806 இல் தன் தாயைக் காணத் தோழனொருவனுடன் தப்பி இலண்டனுக்குச் சென்றான். நீதிவானிடம் அவன் அளித்த வாக்குமூலம் இன்றும் உள்ளது. கிரெக் குடும்பத்தினர்க்கு டொமினிக்காத் தீவில் அடிமைகள் உழைத்த தோட்டமும் இருந்தது.

இவற்றைப் பிள்ளைகளிடம் மறைப்பதும் தகாது. அஞ்சும்படி விரித்துரைப்பதும் தகாது. இயந்திரத்தின் அடியிலுள்ள இடைவெளியைக் காட்டி, “இதனுள் யார் நுழைய முடியும்?” என்று கேட்டாற் போதும். பெரியவர் நுழைய முடியாது என்பதைப் பிள்ளையே காணும். சிதறிய பஞ்சைப் பொறுக்கச் சிறுவரை ஏன் அமர்த்தினர் என்பதும் அப்பொழுது விளங்கும். ஒன்பது வயதுக்குட்பட்டோரைப் பெரும்பாலான நெசவாலைகளில் அமர்த்தலாகாதென 1833 ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது என்பதையும் தொடர்ந்து கூறலாம். தீமை மாற்றத்தக்கது என்னும் நம்பிக்கையும் வரலாறு தரும் பாடமே.

இலங்கையில், கண்டியை அடுத்த ஹந்தானையிலே பழைய தேயிலைத் தொழிற்சாலை ஒன்று நூதனசாலையாக விளங்குகின்றது. அங்குச் செல்வோரும் உருளைகளின் அளவோடு நின்றுவிடாது, கொழுந்து கொய்த கைகள் யாருடையவை என்று பிள்ளைகளைக் கேட்டல் வேண்டும்.

2024 ஆம் ஆண்டிலும் உலகில் ஏறத்தாழ 13 கோடியே 80 இலட்சம் சிறுவர் உழைப்பில் ஈடுபட்டிருந்தனர் என்று சர்வதேசத் தொழில் தாபனமும் யுனிசெப்பும் மதிப்பிட்டன. நூதனசாலையிற் பிள்ளை முறுக்கிய சிறு நூல் வீடுவரை அதன் சட்டைப்பையில் வரும். தான் அணிந்த சட்டையை நெய்தவர் யாரென அப்பிள்ளை ஒருநாள் கேட்குமாயின், அச்செலவு பயன்பட்டதெனக் கொள்ளலாம்.