இன்னும் புத்தர் ஆகாதவர்

டிசம்பர் 6 நெருங்கினால் மும்பைச் சுவர்களில் அம்பேத்கர் படங்கள் பெருகிவிடும். பல படங்களில் பெயருக்கு முன்னால் மராத்தியில் ஒரு பட்டம்: போதிசத்துவ. சீத்தா கேம்ப்பிலிருந்து மான்குர்த் வந்து, குர்லாவில் ரயில் மாறி, தாதர் சைத்யபூமிக்குப் போகும் தமிழருக்கும் அது பழகிய சொல்தான். பொருள்? 'ஞானம் பெற்றவர்' என்பார்கள் சிலர். 'புத்தருக்குச் சமமானவர்' என்பார்கள் வேறு சிலர். இரண்டுமே சரியல்ல.

போதி என்றால் விழிப்பு. சத்துவம் என்றால் உயிர். விழிப்பை நாடும் உயிரே போதிசத்துவர். பாலியில் 'போதிசத்த'. அந்த 'சத்த', பற்றுக்கொண்டவர் என்று பொருள்படும் 'சக்த' என்ற சமஸ்கிருதச் சொல்லிலிருந்து வந்திருக்கலாம் என்று கருதும் அறிஞர்களும் உண்டு. எப்படிப் பார்த்தாலும் அவர் வழியில் இருப்பவர். போய்ச் சேர்ந்தவர் அல்ல. ஞானம் பெறுவதற்கு முந்தைய நாட்களைச் சொல்லும்போது புத்தரே தன்னை அப்படித்தான் குறிப்பிடுகிறார். 547 ஜாதகக் கதைகளில் முயலாகவும் குரங்காகவும் அரசனாகவும் பிறந்து வருபவரும் அவர்தான். மற்ற உயிர்களைக் கரையேற்றவே புத்தராக உறுதி பூண்டவர் என்ற விரிந்த பொருளை மகாயானம் தந்தது.

குழப்பம் புதிதல்ல. கனிஷ்கரின் 3ஆம் ஆட்சியாண்டில் சாரநாத்தில் பாலா என்ற பிக்கு நிறுவிய சிலை, பார்ப்பவர்களுக்குப் புத்தராகவே தெரியும். கல்வெட்டோ 'போதிசத்துவர்' என்கிறது.

தமிழுக்கும் இந்தச் சொல் அந்நியமல்ல. அகத்தியருக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவர் சிவன் என்பது நாமறிந்த கதை. 11ஆம் நூற்றாண்டின் பௌத்தரான புத்தமித்திரர் தன் வீரசோழியத்தில் அந்தப் பெருமையை அவலோகிதர் என்ற போதிசத்துவருக்குத் தருகிறார். அம்பேத்கர் நாகபுரியில் பௌத்தம் தழுவியது 1956இல். அதற்கு 58 ஆண்டுகள் முன்பே, 1898இல், அயோத்திதாசர் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கிவிட்டார்.

சீத்தா கேம்ப் பிறந்த கதையில் அருள்பாலிப்பு எதுவும் இல்லை. நெருக்கடி நிலையின்போது, 1976 மே மாதம், அணுசக்தி நிலையத்துக்கு இடம் வேண்டும் என்று ஜனதா காலனி இடிக்கப்பட்டது. மக்கள் இங்கே கொண்டுவந்து விடப்பட்டார்கள். கோலார் தங்கவயலிலிருந்து வந்த ஜோக்கின் அற்புதம் தலைமையில் அவர்கள் ஆண்டுக்கணக்கில் போராடியும் காலனி மிஞ்சவில்லை. குடியிருப்பைத் தங்கள் கையாலேயே மறுபடி எழுப்பிக்கொண்டார்கள்.

அப்படிப்பட்ட இடத்தில் ஒரு தலைவரைப் படமாக்கி மாலை போட்டு நிறுத்திவிடுவது எளிது. அரசியலில் பக்தி சர்வாதிகாரத்துக்குத்தான் இட்டுச்செல்லும் என்று 1949இல் அரசியல் நிர்ணய சபையில் எச்சரித்தவரே அம்பேத்கர்தான் என்பது படங்களில் இடம்பெறாத செய்தி. போதிசத்துவர் யார் என்பதற்கும் அவர் விளக்கம் எழுதியிருக்கிறார். 1957இல், அவர் மறைவுக்குப் பின் வெளியான 'புத்தரும் அவர் தம்மமும்' நூலில் போதிசத்துவருக்குப் பத்துப் பிறவிகள். பிறவிக்கு ஒரு பண்பைத் தேடிச் சேர்க்க வேண்டும். முதல் பிறவியில் மகிழ்ச்சி. பத்தும் முடிந்த பிறகுதான் புத்தர்.