ஒரே பிளக்கில் இரண்டு கருவிகளா?

மின் இஸ்திரிப் பெட்டியில் '230 வோல்ட், 1000 வாட்' என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் பெருக்கினால் கிடைப்பது மின்திறன். ஆகவே 1000-ஐ 230-ஆல் வகுத்தால் மின்னோட்டம் தெரியும்: சுமார் 4.35 ஆம்பியர். மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை: சுமார் 53 ஓம். இம்மூன்றையும் இணைக்கும் விதியை ஜெர்மானிய ஆசிரியர் ஓம் 1827-இல் நூலாக வெளியிட்டார்.

அதே பிளக்கில் 1000 வாட் வெந்நீர் ஹீட்டரையும் செருகினால்? மின்னோட்டம் 8.7 ஆம்பியர் ஆகிவிடும். 6 ஆம்பியர் பிளக்குக்கு இது மிக அதிகம். மின்னோட்டம் இருமடங்கானால் கம்பியில் தோன்றும் வெப்பம் நான்கு மடங்காகும்! கம்பியின் மேலுறை உருகித் தீப்பற்றவும் கூடும்.

எனவே செருகுமுன் வாட்களைக் கூட்டிப் பாருங்கள். 6 ஆம்பியர் பிளக்கின் எல்லை 230 × 6, அதாவது 1380 வாட்.