கூடி விளையாடிய கணினித் தலைமுறை

பல கணினிகளைக் கம்பிகளால் இணைத்து, நண்பர்கள் ஒரே அறையில் அருகருகே அமர்ந்து, அணிசேர்ந்தும் எதிரெதிராக நின்றும் ஒரே விளையாட்டை ஆடும் வழக்கம் 1990-களில் உலகெங்கும் பரவியது. மலேசியாவின் கெடா மாநிலத்தில், சுங்கை பட்டாணி நகரின் பகுதியாகிய பாக்கார் ஆராங் போன்ற வட்டாரங்களில், ரப்பர்த் தோட்டங்களிலிருந்து தாமான்கள் எனப்படும் வீடமைப்புப் பகுதிகளுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு அந்த வழக்கம் கூடுவதற்கு ஓர் இடத்தையும், ஒருவரையொருவர் நம்பிப் பழகுவதற்கு ஒரு காரணத்தையும் தந்தது.

இவ்வகை விளையாட்டுக்கு அடிப்படை, 'லேன்' எனப்படும் குறும்பரப்புப் பிணையமாகும். அதாவது, ஒரு வீட்டுக்குள்ளோ கடைக்குள்ளோ இருக்கும் கணினிகளை ஈதர்நெட் கம்பிவழி ஒரு பொது இணைப்புப் பெட்டியோடு சேர்க்கும் ஏற்பாடு. அவற்றுள் ஒரு கணினி 'சர்வர்' என்ற பொறுப்பை ஏற்று, ஒவ்வோர் ஆட்டக்காரரின் நகர்வையும் பெற்று, அனைவரது திரைக்கும் ஒரே நிலவரத்தைத் திருப்பி அனுப்பும். ஒரு தகவல் போய்த் திரும்புவதற்கு ஆகும் நேரத்தை 'பிங்' என்பர். தொலைபேசிக் கம்பிவழி இணையம் பெற்ற காலத்தில் அது பெரும்பாலும் 100 மில்லிவினாடியைத் தாண்டியது, லேன் இணைப்பிலோ சில மில்லிவினாடிகளுக்குள் அடங்கியது. ஆகவே, வேகமான ஆட்டத்தை ஒழுங்காக ஆட வேண்டுமென்றால் நண்பர்கள் ஓரிடத்தில் கூடியே ஆகவேண்டியிருந்தது.

1993-இல் வெளிவந்த 'டூம்' என்னும் விளையாட்டு, நான்கு பேர் வரை பிணையத்தின்வழி சேர்ந்து ஆடும் வசதியைத் தந்தபோது இந்தக் கூடல்கள் பெருகத் தொடங்கின. சுவீடன் நாட்டில் ஒரு பள்ளியின் அடித்தளத்தில் நண்பர்கள் நடத்திய கணினிச் சந்திப்புகளிலிருந்து வளர்ந்த 'டிரீம்ஹேக்', பின்னர் ஒரே நிகழ்வில் 10,000-க்கும் மேற்பட்ட கணினிகளை இணைக்கும் பெருவிழாவாயிற்று. 1997-ஆம் ஆண்டின் ஆசிய நிதி நெருக்கடிக்குப் பிறகு தென்கொரியாவில் கணினி விளையாட்டுக் கடைகள் தெருவெங்கும் முளைத்தன. 1998-இல் வந்த 'ஸ்டார்கிராஃப்ட்' என்னும் விளையாட்டு அவற்றை இளைஞர்களால் நிறைத்தது.

மலேசியாவில் இந்தப் பணியைச் செய்தவை சைபர் கஃபேக்கள். விளையாட்டுக்கு ஏற்ற கணினியை வீட்டில் வாங்கிவைப்பது பெரும்பாலான தொழிலாளர் குடும்பங்களுக்கு எட்டாத செலவாக இருந்த காலத்தில், கடைவீடுகளில் இயங்கிய இந்நிலையங்கள் மணிக்குச் சில ரிங்கிட் கட்டணத்தில் அதே கணினியையும், அதைவிட முக்கியமாக, பக்கத்து இருக்கைத் தோழனையும் தந்தன. 1999-இல் தோன்றிய 'கவுன்டர் ஸ்டிரைக்' என்னும் சுடுவிளையாட்டும், 2002-இல் வெளிவந்த 'வார்கிராஃப்ட் 3' விளையாட்டின்மீது ரசிகர்களே உருவாக்கிய 'டோட்டா'வும் இந்நாட்டு இளைஞரிடையே வேரூன்றியவை.

பாக்கார் ஆராங் வட்டாரத்தின் சமூக வரலாற்றோடு சேர்த்துப் பார்க்கும்போதே இதன் முழுப்பொருள் விளங்கும். சுங்கை பட்டாணியைச் சூழ்ந்திருந்த ரப்பர்த் தோட்டங்களில், தொழிலாளர் வருகைப்பதிவுக்குக் கூடும் பெரட்டுக்களம், கோயில், பந்தாடும் திடல் ஆகியவை மக்கள் நாள்தோறும் சந்திக்கும் இடங்களாக இருந்தன. தோட்ட நிலங்கள் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைகளுக்கும் கைமாறியபோது குடும்பங்கள் வெவ்வேறு தாமான்களுக்குச் சிதறின. லயம் எனப்படும் ஒரே தோட்ட வரிசைவீட்டில் வளர்ந்தவர்கள் ஆளுக்கொரு தொழிற்சாலையில் ஆளுக்கொரு ஷிப்டில் வேலை செய்தனர். வீடும் வேலையிடமும் அல்லாமல் மனிதர் இயல்பாகக் கூடிப் பேசும் பொதுவிடத்தை அமெரிக்கச் சமூகவியலாளர் ரே ஓல்டன்பர்க், 1989-இல் வெளியிட்ட நூலில் 'மூன்றாம் இடம்' என்று குறிப்பிட்டார். தோட்டத்தோடு தன் மூன்றாம் இடத்தையும் இழந்த ஒரு சமூகத்தின் இளையோருக்குச் சைபர் கஃபே அந்த வெற்றிடத்தை ஓரளவு நிரப்பியது.

நட்பு அங்கே எவ்வாறு உறுதிப்பட்டது என்பதை டோட்டாவின் அமைப்பே காட்டுகிறது. ஐவர் கொண்ட இரு அணிகள் மோதும் இவ்விளையாட்டில், ஆட்டம் நீளநீள வலிமை பெற்று வெற்றியைத் தேடித்தர வேண்டியவர் 'கேரி' எனப்படுவார். அவர் வளர்வதற்காகத் தம் பங்குப் பொன்னை விட்டுக்கொடுத்து, எதிரியின் வரவைக் காட்டும் காவற்பொருள்களை வாங்கி நட்டு, தேவையானால் தாமே முன்சென்று வீழ்பவர் 'சப்போர்ட்' எனப்படுவார். புகழ் பெரும்பாலும் முன்னவரைச் சேரும், உழைப்பு பின்னவருடையது. ஆயினும் இருவரும் இணங்காமல் அணி வெல்வதில்லை. திரையில் நிகழும் விட்டுக்கொடுத்தலுக்கான நன்றியையும் தவறுக்கான கோபத்தையும் அருகில் அமர்ந்திருப்பவர் முகத்தைப் பார்த்தே வெளிப்படுத்த வேண்டியிருந்ததால், சண்டையும் சமாதானமும் அதே அறையில் முடிந்தன. தமிழ், சீன, தேசியப் பள்ளிகளில் தனித்தனியே தொடக்கக்கல்வி பெற்ற பிள்ளைகள் ஒரே அணியில் சேர்ந்து ஆடுவதற்கும் இந்த அறைகள் வாய்ப்பளித்தன.

பின்னர் அகலக்கற்றை இணையம் வீடுகளை எட்டியது. 2009-இல் சிங்கப்பூரில் நிறுவப்பட்ட 'கரேனா' நிறுவனத்தின் இணைய விளையாட்டுத் தளம், தொலைவிலிருப்போரையும் ஒரே லேனில் இருப்பவர்போல் இணைத்தது. 2016-இல் வந்த 'மொபைல் லெஜண்ட்ஸ்' அதே ஐவர் அணி ஆட்டத்தைக் கைப்பேசிக்குக் கொண்டுவந்தது. கோவிட்-19 பெருந்தொற்றை முன்னிட்டு மலேசியாவில் 2020 மார்ச் 18-இல் தொடங்கிய நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையின்போது, பிரிந்திருந்த நண்பர்களைத் திரைவழியே சேர்த்துவைத்தவையும் இவ்வகை விளையாட்டுகளே. ஆயினும் முகம் தெரியாதவரிடம் வசைபேசுவது எளிது, தோற்கும் ஆட்டத்தைப் பாதியில் கைவிட்டுப் போவதும் எளிது. நேருக்கு நேர் அமர்ந்த கூடல் கற்பித்த பொறுப்பு இங்கே தானாக வருவதில்லை.

பெற்றோரின் கவலையும் புறந்தள்ளத்தக்கதன்று. தன் கட்டுப்பாட்டை இழந்து, பிற கடமைகளையெல்லாம் விலக்கி, தீங்கு தெரிந்தும் தொடரும் விளையாட்டுப் பழக்கத்தை உலக சுகாதார நிறுவனம் ஒரு நோயாக வகைப்படுத்தியுள்ளது. 2022 முதல் நடைமுறைக்கு வந்த அவ்வகைப்பாட்டின்படி அதைக் கண்டறிய, பொதுவாக 12 மாத காலமாவது அந்நிலை நீடித்திருக்க வேண்டும். பூட்டிய அறையில் தனித்து ஆடும் பிள்ளையிடம் இத்தகைய அறிகுறிகள் கண்ணில் படாமலே போகலாம். பலர் கூடும் அறையிலோ, நண்பனின் மாற்றத்தை முதலில் உணர்பவன் நண்பனே.

எனவே, விளையாட்டைத் தடுப்பதா விடுவதா என்பதைவிட, அது எங்கே, யாரோடு ஆடப்படுகிறது என்பதே பெரியவர்கள் கேட்க வேண்டிய கேள்வி. பந்தாடுவதற்குத் திடலும் விழா எடுப்பதற்கு மண்டபமும் வேண்டுமென்று உணர்ந்த சமூகம், வயதுக்கேற்ற விளையாட்டுகளும் முடியும் நேரமும் வகுக்கப்பட்ட கணினிக் கூடலுக்கும் கோயில் மண்டபங்களிலும் இளைஞர் மன்றங்களிலும் இடம் ஒதுக்கலாம். அதற்குத் தேவையான பொருள்கள் சிலவே. இளையோரின் கூடலை மதிக்கும் மனமே முதன்மையான தேவை.