ஓட்டுநரின் முழங்காலுக்குத் தனிப் பத்தி இல்லை

இரண்டாம் உலகப் போருக்காகக் கனடாவில் ஃபோர்டும் செவர்லேவும் செய்த ராணுவ லாரிகள் 4 லட்சத்துக்கும் மேல். இரு கம்பெனிக்கும் ஒரே அச்சு முகம், சப்பை மூக்கு. கப்பலில் இடம் மிச்சமாக வேண்டும் என்று பிரிட்டன் கேட்டதால் இன்ஜினைக் கேபினுக்குள் தள்ளி, மூக்கைக் குட்டையாக்கினார்கள். வண்டிக்கு ஓரடி மிச்சம் என்று வைத்துக்கொண்டால் 4 லட்சம் வண்டிக்கு 122 கிலோமீட்டர். சென்னைக்கு வடக்கே உள்ள கவரைப்பேட்டையில் தொடங்கி கொல்கத்தா நெடுஞ்சாலையில் வரிசையாக நிறுத்தினால், கூடூரைத் தாண்டி நெல்லூரை நெருங்கும் நீளம்.

இந்தச் சிக்கனத்தின் பில் ஓட்டுநருக்குத்தான் போனது. ஃபோர்டு வி-8 இன்ஜின் 239 கன அங்குலம், அதாவது 3.9 லிட்டர், 95 குதிரைத்திறன். செவர்லே ஆறு சிலிண்டர் 216 கன அங்குலம், 85 குதிரைத்திறன். இவ்வளவு பெரிய பெட்ரோல் இன்ஜின் இரண்டு இருக்கைக்கும் நடுவே உட்கார்ந்தால் காலுக்கு எங்கே இடம்? 80 டிகிரிக்கு மேல் சுடும் தண்ணீர் ஓடும் இரும்பு ஒரு முழங்காலுக்குப் பக்கத்தில்; பவர் ஸ்டீயரிங் கிடையாது. 1941 கடைசியில் வந்த 13-ஆம் எண் கேபினில் முன்கண்ணாடியைக் கீழ்நோக்கிச் சாய்த்தார்கள். வெயில் கூச்சம் குறைந்தது. விமானத்திலிருந்து பார்த்தால் கண்ணாடி மின்னுவதும் குறைந்தது. இரண்டாவது காரணம் இல்லாவிட்டால் முதலாவதற்காக இவ்வளவு மெனக்கெட்டிருப்பார்களா என்பது என் சந்தேகம்.

இந்தக் கனடா லாரிகளில் பாடி மாறினால் சேசிஸும் மாறும். 3 டன் வண்டியிலேயே அச்சுக்கு அச்சு 134 அங்குலம் ஒன்று, 158 அங்குலம் இன்னொன்று. இடையில் 24 அங்குலம், அதாவது 61 சென்டிமீட்டர். நீள வண்டி குழியில் நிதானமாக ஏறி இறங்கும். குட்டை வண்டி முன்னும் பின்னும் ஆட்டிப் பார்க்கும்.

1950-களின் கடைசியில் ஜபல்பூரில் தொடங்கி 1996 வரை வந்த சக்திமான் ராணுவ லாரியில், ஜெர்மனியின் மான் நிறுவன வடிவப்படி, இன்ஜின் கேபினுக்கு வெளியே நீண்ட மூக்குக்குள் போனது. காலுக்கு இடம் கிடைத்தது, வண்டியின் நீளம் கூடியது.

நம் பக்கத்துக் கணக்கு எண்ணூரில் இருக்கிறது. 1948-ல் ஆஸ்டின் கார் பூட்டப் பிறந்த அசோக் மோட்டார்ஸ், 1955-ல் அசோக் லேலண்ட் ஆனது. 1970-ல் ராணுவத்துக்கு 1,000 ஹிப்போ டிப்பர்கள் கொடுத்தது. பிறகு வந்த ஸ்டாலியன் லாரிகள் 60,000-க்கும் மேல். அதன் நான்கு சக்கர இழுவை வண்டிக்கு இரண்டு எடைக் கணக்கு: தார்ச்சாலையில் 7.5 டன், காட்டுமேட்டில் 5 டன். வித்தியாசம் 2.5 டன், 50 கிலோ மூட்டை 50.

அதே சேசிஸில் 5,000 லிட்டர் தொட்டி வைத்துப் பாருங்கள். தண்ணீர் மட்டுமே 5 டன். தொட்டி இரும்பின் எடை தனி. டீசல் என்றால் சுமார் 4.15 டன், பெட்ரோல் 3.7 டன். தொட்டி நிறைந்திருந்தால் பிரச்சினை குறைவு. பாதி காலியானதும் 2.5 டன் தண்ணீர் பிரேக் போட்டதும் முன்னே பாயும். குறுக்குத் தடுப்புத் தகடுகள் அதைத் தணிக்குமே தவிர நிறுத்தாது. லாரி நின்ற பிறகும் ஓட்டுநருக்கு முதுகில் ஒரு இடி விழும்.

ஆள் ஏற்றும் பாடியில் குறை வேறு. மூட்டை முடிச்சோடு ஆளுக்கு 100 கிலோ என்று 20 பேரை ஏற்றினால் 2 டன். 5 டன்னுக்குப் போட்ட ஸ்பிரிங் பட்டைக்கு அது காலி வண்டி மாதிரி. ஸ்பிரிங் மேல் வரும் எடை நான்கில் ஒரு பங்கானால் குலுங்கும் வேகம் இரு மடங்காகும். பட்டைகள் துருப்பிடித்து ஒன்றோடொன்று இறுகிவிட்டால் வண்டி டயர் மேலேயே குதிக்கும்: நொடிக்கு 3, 4 தடவை. உட்கார்ந்திருக்கும் மனித உடம்பு மேலும் கீழுமான அதிர்வில் அதிகம் பாதிக்கப்படுவது நொடிக்கு 4 முதல் 8 தடவை வரை. வண்டியின் குதிப்பு அந்த எல்லையின் விளிம்பு வரைக்கும் போய்விடுகிறது. இருக்கைக்குப் புது ஸ்பாஞ்ச் வைப்பதைவிட, பட்டையைப் பிரித்துச் சுத்தம் செய்து கிரீஸ் தடவுவது ஓட்டுநரின் முதுகுக்கு நல்லது.

3.5 டன்னுக்கு மேல் எடையுள்ள புதிய சரக்கு லாரிகளுக்கு 2025 முதல் கேபின் ஏசி கட்டாயம். தயாரான தேதியைப் பார்க்கும் விதி அது. பழைய ராணுவ வண்டியை வாங்கிப் புதுப்பிப்பவர், ஏசி வேண்டுமென்றால் தன் கைக்காசில்தான் போட வேண்டும்.