ஒரு ஜோடி தோடு, ரெண்டு பேத்திங்க: பழைய நகையை உருக்குறதுக்கு முன்னாடி

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)

இன்னைக்கு எபிசோடு ஒரு வாய்ஸ் மெசேஜ்ல இருந்து ஆரம்பிக்குது. பாரிவாக்கத்துல இருந்து ஒரு தோழி அனுப்பியிருக்காங்க. பேர் வேண்டாம்னு சொன்னதால விஷயத்தை மட்டும் சொல்றேன்.

அவங்க பாட்டி போன வருஷம் தவறிட்டாங்க. பீரோவுல இருந்தது ரெண்டே நகை. ஒரு ஜோடி ஏழு கல் வைரத்தோடு, அப்புறம் அறுந்துபோன மூணு பவுன் செயின். வீட்டுல ரெண்டு பொண்ணுங்க. அக்காவுக்கு தை மாசம் கல்யாணம். இனி அவங்க வார்த்தையிலேயே:

"ஆளுக்கு ஒரு தோடுன்னு பிரிச்சா, ஒத்தத் தோட்டை வெச்சு என்னங்க பண்றது? அதான் எல்லாத்தையும் உருக்கி, அதே கல்லை வெச்சு ஆளுக்கு ஒரு பென்டன்ட் செய்யலாம்னு நான் சொன்னேன். அம்மா அழுறாங்க. 'உங்க பாட்டி காதுல நாப்பது வருஷம் கிடந்ததை நெருப்புல போடச் சொல்றியாடி'ன்றாங்க. கடையில கேட்டா, பேசாம எக்ஸ்சேஞ்ச் பண்ணிக்கோங்கன்றாங்க. எது சரி?"

இந்தக் கேள்வி நிறைய வீட்டுல இருக்கு. முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். செயினும் தோடும் ஒரே பீரோவுல இருந்தாலும், ரெண்டும் வேற வேற கேள்வி. தங்கத்தை உருக்கிட்டா அது யார் வீட்டுத் தங்கம்னு கண்டுபிடிக்க வழியே கிடையாது. வைரம் அப்படி இல்ல. அளவு எடுக்கலாம், போட்டோ எடுக்கலாம், உள்ள இருக்கிற புள்ளியை வெச்சு அடையாளம் சொல்லலாம். அதனால தங்கத்துக்கான சோதனை எல்லாமே உருக்குறதுக்கு முன்னாடி, உங்க கண்ணு முன்னாடி முடிஞ்சாகணும். இன்னைக்கு எபிசோட்ல இதை மட்டும் ஞாபகம் வெச்சுக்கிட்டாலே போதும்.

திருவேற்காட்டுல எப்படிப் பண்ணாங்க?

இதுக்கு உதாரணம் பாரிவாக்கத்துக்குப் பக்கத்துலயே இருக்கு. திருவேற்காடு கருமாரியம்மன் கோயில். பக்தர்கள் காணிக்கையாப் போட்ட, கோயிலுக்குப் பயன்படாத சின்னச் சின்ன தங்க நகைங்களைப் பிரிச்சு, உருக்கி, சுத்தத் தங்கக் கட்டியா மாத்தி, வங்கியில முதலீடு பண்ற திட்டத்தை தமிழ்நாடு அரசு 2021 அக்டோபர்ல தொடங்குச்சு. முதல்ல எடுத்த மூணு கோயில்ல திருவேற்காடும் ஒண்ணு. மத்த ரெண்டு சமயபுரமும் இருக்கன்குடியும். 2025 ஏப்ரல்ல சட்டமன்றத்துல சொன்ன கணக்குப்படி 21 கோயில்களோட தங்கம் சுமார் 1,074 கிலோ முதலீடு ஆகியிருக்கு. வருஷத்துக்கு வட்டி சுமார் 17.81 கோடி ரூபாய்.

நமக்கு முக்கியம் அந்தத் தொகை இல்ல, அவங்க வேலை செஞ்ச வரிசை. ஓய்வு பெற்ற நீதிபதிங்க தலைமையில குழு. அவங்க மேற்பார்வையில நகையில இருக்கிற கல்லு, அரக்கு, அழுக்கு எல்லாம் முதல்ல பிரிக்கிறாங்க. எடை போடறாங்க. அதுக்கப்புறம்தான் மும்பையில இருக்கிற அரசு உருக்காலைக்குப் போகுது. அங்க 24 கேரட் கட்டியா மாறுது. நம்ம வீட்டு மூணு பவுனுக்கு நீதிபதி வர மாட்டார். ஆனா பிரிக்கணும், எடை போடணும், எழுதணும், அப்புறம்தான் உருக்கணும்ன்ற வரிசை நமக்கும் அதேதான்.

மூணு பவுன் செயின்ல எவ்வளவு தங்கம்?

ஒரு பவுன்னா 8 கிராம். மூணு பவுன் 24 கிராம். அது முழுக்கத் தங்கம் இல்ல. 22 கேரட் நகைன்னா நூத்துக்கு 91.6 பங்கு தங்கம். அதைத்தான் 916னு சொல்றோம். மிச்சம் செம்பு, வெள்ளி மாதிரி உலோகம்.

பாட்டி காலத்து நகையில இன்னும் கொஞ்சம் குறையும். செயினோட ஒவ்வொரு கண்ணியையும் பத்தவைக்க ஆசாரி ஒரு பொடி வைப்பார். அது நகையை விட சீக்கிரம் உருகணும். அதுக்காக அதுல செம்பும் வெள்ளியும் தூக்கலா இருக்கும். கண்ணி அதிகமா இருந்தா பத்துவைப்பும் அதிகம், மொத்த மாற்று அந்த அளவுக்குக் குறையும். இதைச் சரிபண்ண வந்ததுதான் கேடிஎம். காட்மியம் கலந்து பத்தவைக்கிற முறை. சூடு பண்ணும்போது காட்மியம் ஆவியாப் போயிடும், அதனால நகையோட தரம் பெருசா இறங்காது. ஆனா அந்தப் புகை ஆசாரியோட நுரையீரலைக் கெடுக்கும். ஹால்மார்க் நகையில இப்போ காட்மியத்துக்கு அனுமதி இல்ல. "கேடிஎம் நகை"ன்னு இன்னும் யாராவது பெருமையாச் சொன்னா, அது தரச் சான்று இல்லன்னு தெரிஞ்சுக்கோங்க.

அப்போ தரத்தை எப்படிப் பார்க்கிறது? கடையில இருக்கிற எக்ஸ்ஆர்எஃப் மெஷின் ஒரு நிமிஷத்துல சொல்லிடும். ஆனா அது பார்க்கிறது மேல்தோலை மட்டும்தான். ஒரே இடத்துல வெச்சுப் பார்த்தா பத்தாது. செயின்ல மூணு நாலு இடம், கொக்கிகிட்ட ஒரு இடம்னு பார்க்கச் சொல்லுங்க. கடை வேண்டாம்னா பிஐஎஸ் அங்கீகாரம் பெற்ற ஹால்மார்க் மையத்துக்கு நீங்களே நேராப் போகலாம். நாலு நகை வரைக்கும் சோதிக்க 200 ரூபாய்னு கட்டணம் வெச்சிருக்காங்க. ரிப்போர்ட் கையில இருந்தா கடையில பேசுற தொனியே மாறும்.

ஒரு கணக்கு போடுவோம். செயின்ல 88 சதவீதம் தங்கம்னு வருதுன்னு வெச்சுக்கோங்க. 24 கிராம்ல சுத்தத் தங்கம் 21.12 கிராம். இதை 916 நகையா மாத்தினா சுமார் 23 கிராம் வரும். அதையே 18 கேரட்டா, அதாவது 75 சதவீதமா மாத்தினா 28 கிராமுக்கு மேல வரும். எடை ஏறி இறங்கும், சுத்தத் தங்கம் மாறாது. அதனால "எத்தனை கிராம் கொடுத்தேன், எத்தனை கிராம் வந்துச்சு"ன்னு கேக்காதீங்க. "எத்தனை கிராம் சுத்தத் தங்கம் கொடுத்தேன், எத்தனை வந்துச்சு"ன்னு கேளுங்க.

இன்னொரு விஷயம். மெஷின்ல 88னு பார்த்து 88க்குக் கணக்குப் போட்டாச்சுன்னா, பொடியால வர்ற குறை ஏற்கெனவே கழிஞ்சாச்சு. அதுக்கு மேல "பழைய நகைக் கழிவு"ன்னு தனியா ஒரு சதவீதம் போட்டா, அது எதுக்குன்னு கேக்க உங்களுக்கு உரிமை இருக்கு. உருக்கும்போது துளி போகும், அது நிஜம். அந்தத் துளியை உருக்கின கட்டியை எடை போட்டே பார்த்துக்கலாம்.

எக்ஸ்சேஞ்சா, செய்யக் கொடுக்கறதா?

எக்ஸ்சேஞ்ச்னா பழையதை விக்கறீங்க, புதுசு வாங்கறீங்க. கையில வர்றது பாட்டி தங்கம் இல்ல. செய்யக் கொடுக்கறதுன்னா உங்க தங்கம் உங்களோடது, ஆசாரிக்குக் கூலி மட்டும். வரியும் வேற மாதிரி. புது நகை வாங்கினா நகையோட மொத்த மதிப்புக்கும் 3 சதவீதம் ஜிஎஸ்டி. உங்க தங்கத்துல செஞ்சா கூலிக்கு மட்டும் 5 சதவீதம்.

கணக்குக்காக ஒரு கிராம் 10,000 ரூபாய்னு வெச்சுக்குவோம். 20 கிராம் நகை, 2 லட்சம். செய்கூலி 12 சதவீதம்னா 24,000. எக்ஸ்சேஞ்ச்ல 2,24,000க்கு 3 சதவீதம், 6,720 ரூபாய் வரி. செய்யக் கொடுத்தா 24,000க்கு 5 சதவீதம், 1,200 ரூபாய். பழைய நகையை விக்கிற வீட்டுக்காரங்க அதுக்கு ஜிஎஸ்டி கட்ட வேண்டியதில்லன்னு 2017 ஜூலையிலேயே மத்திய அரசு தெளிவுபடுத்திடுச்சு.

செய்யக் கொடுக்கறதுல ஒரு குறையும் இருக்கு. வருஷ விற்பனை 40 லட்சத்துக்குள்ள இருக்கிறவங்களுக்கு ஹால்மார்க் கட்டாயம் இல்ல. தெரு முனைப் பட்டறைங்க பெரும்பாலும் இதுக்குள்ளதான் வரும். முத்திரை வேணும்னா, பிஐஎஸ்ல பதிவு செஞ்ச நகைக்காரர் மூலமாத்தான் போகணும். அதை முதல் நாளே பேசிடுங்க. முத்திரை விழுந்தா ஆறு எழுத்து-எண் கொண்ட ஹெச்யுஐடி இருக்கும். பிஐஎஸ் கேர் ஆப்ல போட்டுப் பார்த்துக்கலாம்.

பழசை உருக்கிப் புதுசு செய்யறது ஒண்ணும் புது ஃபேஷன் இல்ல. சீனப் போருக்கு அப்புறம், 1963 ஜனவரியில தங்கக் கட்டுப்பாடு வந்துச்சு. மொரார்ஜி தேசாய் நிதியமைச்சர். 14 கேரட்டுக்கு மேல புது நகை செய்யக் கூடாதுன்னாங்க. நாடு முழுக்க ஆசாரிங்க குடும்பம் தெருவுக்கு வந்துச்சு, தற்கொலைங்க நடந்துச்சு. எதிர்ப்பு கிளம்பினதும் கொடுத்த முதல் சலுகைங்கள்ல ஒண்ணு, வாடிக்கையாளர் கொண்டுவர்ற பழைய நகையை அதே தரத்துல மாத்திச் செஞ்சு கொடுக்கலாம்ன்றது. அந்தக் காலத்துல பல பட்டறைல அடுப்பு எரிஞ்சது பாட்டிங்க கொண்டுவந்த பழைய நகையாலதான்.

இனி தோடு

ஏழு கல் தோடுன்னா நடுவுல ஒண்ணு, சுத்தி ஆறு. ஜோடிக்கு 14 கல். பழைய தோட்டுல பெரும்பாலும் கல்லுக்குப் பின்னாடி தங்கத்தால மூடியிருப்பாங்க. கல்லு பளபளன்னு தெரிய அடியில பளபளப்பான தகடு வைக்கிறதும் உண்டு. இங்கதான் சண்டையே ஆரம்பிக்கும். பிரிச்சு வெளிய எடுத்தா, வெள்ளையாத் தெரிஞ்ச கல்லு லேசா மஞ்சளாத் தெரியலாம். "கல்லை மாத்திட்டான்"னு வீட்டுல சொல்வாங்க. மாத்தாமலேயே அப்படித் தெரியும். அதனால கல்லைக் கழட்டுறது உங்க முன்னாடி நடக்கணும். கழட்டினதும் ஒவ்வொண்ணோட விட்டமும் எடையும் எழுதணும். 1 கேரட் 0.2 கிராம், அதுல நூத்துல ஒரு பங்கு ஒரு சென்ட்.

நம்ம பாட்டிங்க "ப்ளூ ஜாகர்"னு பெருமையாச் சொல்வாங்க இல்ல, அந்தப் பேர் தென்னாப்பிரிக்காவோட யாகர்ஸ்ஃபொன்டைன் சுரங்கத்துல இருந்து வந்தது. 1971ல மூடிட்டாங்க. அந்தப் பேரு வாய்வழியா வந்ததுன்னா அது சான்று இல்ல. கல்லைத் தனியா எடுத்து ஆய்வகத்துல சர்ட்டிஃபிகேட் வாங்கினாத்தான் தரம் தெரியும். கடையில தொட்டுப் பார்க்கிற சின்ன டெஸ்டர் வைரமா இல்லையான்னு சொல்லும். பூமியில கிடைச்சதா, ஆய்வகத்துல வளர்த்ததான்னு சொல்லாது. ஏன்னா ரெண்டும் வைரம்தான். கல்லு மாறினாக்கூட அந்த டெஸ்டர் காட்டிக்கொடுக்காமப் போகலாம்.

"பழைய கட்டிங், புதுசா வெட்டிடலாம்"னு சொன்னா அவசரப்படாதீங்க. கோஹினூரை 1852ல லண்டன்ல மறுபடி வெட்டினாங்க. சுமார் 186 கேரட்டா போனது 105.6 கேரட்டாத் திரும்பி வந்துச்சு. வெட்டினா எடை போகும், போனது வராது.

இப்போ அம்மாவோட பயத்துக்கு வருவோம். வைரம் நெருப்புக்குப் போகவே வேண்டியதில்ல. போகவும் கூடாது. காத்துல சுமார் 800 டிகிரியைத் தாண்டினா அதோட மேல்பக்கம் எரிஞ்சு பால் படிஞ்ச மாதிரி ஆயிடும். நல்ல ஆசாரி சட்டத்தைச் செஞ்சு, பத்தவெச்சு முடிச்சிட்டு, கடைசியிலதான் கல்லைப் பதிப்பார்.

இன்னும் ஒரு வழி இருக்கு. தோட்டைப் பிரிக்கவே வேண்டாம். ஏழு கல் தோடு ஏற்கெனவே ஒரு பூ மாதிரிதான் இருக்கு. பின்னாடி இருக்கிற சுரையையும் தண்டையும் எடுத்துட்டு, மேல ஒரு சின்ன வளையம் வெச்சா பென்டன்ட். ஊதுகுழல் சூடு உள்ள இருக்கிற தகட்டைக் கெடுத்துடும், அதனால லேசர் வெல்டிங் இருக்கிற இடத்துல கொடுக்கணும். எடுத்த தண்டையும் சுரையையும் வாங்கி பத்திரமா வெச்சுக்கோங்க. நாளைக்கு ஒரு பேத்தி மறுபடி தோடாவே வேணும்னு கேட்டா, ரெண்டையும் சேர்த்துக்கலாம்.

இதுல இழப்பும் இருக்கு. பிரிக்காம இருந்தா கல்லோட தரம் முழுசாத் தெரியாது. ரெண்டு பங்கும் சமமான்னு ரூபாய்க் கணக்குல காட்ட முடியாது. அக்கா தங்கச்சிக்குள்ள அந்தக் கணக்கு தேவைன்னா பிரிக்கத்தான் வேணும். கல்லு ஆடிக்கிட்டு இருந்தாலும் பிரிச்சுப் பதிக்கிறது நல்லது.

எழுதி வாங்க வேண்டியது

நகையைக் கொடுக்கறதுக்கு முன்னாடி முன்பக்கம், பின்பக்கம் போட்டோ. ரசீதுல இதெல்லாம் இருக்கணும்: மொத்த எடை, கல் எடை, சோதிச்ச மாற்று, சுத்தத் தங்கம் எவ்வளவு, கல்லோட எண்ணிக்கையும் அளவும், புது நகை எத்தனை கேரட், கூலி எவ்வளவு, மீதித் தங்கம் யாருக்கு. கழட்டும்போது ஒரு கல்லு உடைஞ்சா யார் பொறுப்புன்னும் ஒரு வரி. இதுல எதையாவது எழுத மாட்டேன்னு சொன்னா, நகையை எடுத்துக்கிட்டு அடுத்த பட்டறைக்குப் போங்க.

பாரிவாக்கம் தோழிக்கு நான் அனுப்பின பதில் இதுதான். நெருப்புக்கு அறுந்த செயின் மட்டும் போகட்டும். அந்த 23 கிராம்ல ஆளுக்கு 11 கிராம் சொச்சத்துல ரெண்டு மெல்லிசு செயின் வரும். தோடு பிரியாம ஆளுக்கு ஒரு பென்டன்ட்டா அதுல தொங்கட்டும். பட்டறைக்குப் போகும்போது அம்மாவையும் கூட்டிட்டுப் போங்க.

நேத்து பதில் வந்துச்சு. "அம்மா வரேன்னுட்டாங்க. ஆனா தண்டும் சுரையும் அவங்ககிட்டதான் இருக்கணுமாம்."

அடுத்த எபிசோட்ல பார்ப்போம். உங்க வீட்டு பீரோவுல இருக்கிற கதை ஏதாவது இருந்தா வாய்ஸ் மெசேஜ் போடுங்க.