புலி பெருகினால் பட்டிக்கு ஆபத்தா?

"காட்டைக் காப்பகமாக அறிவித்த பிறகுதான் ஆடு, மாடு அதிகம் போகிறது." தாளவாடி, ஆசனூர், கடம்பூர் பக்கம் எந்த விவசாயியிடம் பேசினாலும் இந்தக் குறை வந்துவிடும். இதில் பாதி உண்மை. மீதிப் பாதி, நாம் கால்நடையை எப்படி வைத்திருக்கிறோம் என்பதில் இருக்கிறது.

சத்தியமங்கலம் 2013-ல் புலிகள் காப்பகமானது. 2011-ல் அங்கிருந்த புலிகள் 25. அது 80 ஆனதற்காக 2022-ல் சர்வதேச விருதும் கிடைத்தது. தமிழகம் முழுவதும் 2006-ல் 76 புலிகள். 2022 கணக்கெடுப்பில் 306. வேட்டைக்குத் தடை, கண்காணிப்பு என்று வந்தால் மான், காட்டெருமை பிழைக்கும். இரை பெருகினால் புலியும் பெருகும்.

எது எதைப் பிடிக்கும்?

ஒரு புலிக்கு வாரம் ஒரு மான் அளவுக்கு இரை வேண்டும். கர்நாடகத்தின் நாகரஹொளெ காட்டில் நடந்த ஆய்வில், புலி அடித்த இரையின் சராசரி எடை சுமார் 90 கிலோ. சிறுத்தைக்கு 40 கிலோவுக்கும் குறைவு. அதாவது, வளர்ந்த மாடு புலிக்கு ஏற்ற இரை. ஆடு, கன்று, நாய் எல்லாம் சிறுத்தைக்கு.

காட்டில் இரை இருக்கும்போது புலிகள் பெரும்பாலும் உள்ளேயே இருக்கும். ஆனால் தாயைப் பிரிந்து இடம் தேடும் இளம் புலியும், வயதான, காயம்பட்ட புலியும் ஓரத்துக்குத் தள்ளப்படும். புலிக்குப் பயந்து சிறுத்தையும் ஓரத்துக்கு ஒதுங்கும். அங்கேதான் நம் பட்டி இருக்கிறது.

கரும்புக்காட்டுச் சிறுத்தைகள்

மகாராஷ்டிராவின் அகோலே பகுதியில் காப்பகம் கிடையாது. கரும்புத் தோட்டங்களில் சிறுத்தைகள் வாழ்கின்றன. அவற்றின் எச்சத்தை ஆராய்ந்தபோது, உணவில் நாய் 39 சதவிகிதம், ஆடு 11 சதவிகிதம் மட்டுமே. இத்தனைக்கும் அங்கே நாய்களைவிட ஆடுகள் ஏழு மடங்கு அதிகம். காரணம் எளிது. பகலில் ஆட்டுக்குக் காவல் உண்டு, இரவில் பட்டி உண்டு. தெருநாய்க்கு இரண்டும் இல்லை.

நாம் செய்ய வேண்டியவை

• பொழுது சாயும் முன் கால்நடைகளை வீட்டுக்கு ஓட்டி வந்துவிடுங்கள். காட்டோரம் ஆளில்லாமல் மேய விடாதீர்கள்.

• பட்டிக்குச் சுவர் மட்டும் போதாது. சிறுத்தை தாவி ஏறும். மேலேயும் கம்பிவலை வேண்டும். கதவில் இடுக்கு இருக்கக் கூடாது.

• பட்டியைச் சுற்றியுள்ள உண்ணிச்செடி, சீமைக் கருவேலம் போன்ற புதர்களை அகற்றுங்கள். பதுங்க இடம் இருக்கக் கூடாது.

• இறந்த கோழி, கன்று, கறிக்கடைக் கழிவு ஆகியவற்றை வெளியே வீசாமல் ஆழப் புதையுங்கள். அவை நாய்களைச் சேர்க்கும். நாய்கள் சிறுத்தையை அழைத்து வரும்.

கால்நடை பலியானால்

உடலை நகர்த்தாமல் படம் எடுத்துவிட்டு, உடனே வனத்துறைக்கும் கால்நடை மருத்துவருக்கும் சொல்லுங்கள். அவர்கள் பார்த்துச் சான்றளித்தால்தான் இழப்பீடு கேட்க முடியும்.

கோபத்தில் உடலில் விஷம் வைக்காதீர்கள். 2023-ல் நீலகிரியில் விஷம் வைத்த மாட்டைத் தின்று இரண்டு புலிகள் இறந்தன, மாட்டுக்காரர் கைதானார். மாடும் போய், வழக்கும் சேர்ந்தது. அதே இறைச்சியைத் தின்றால் மாயாற்றுப் பள்ளத்தாக்கில் மிஞ்சியிருக்கும் பாறுக் கழுகுகளும் சாகும்.

புலியின் எண்ணிக்கை நம் கையில் இல்லை. பட்டியின் கதவு நம் கையில் இருக்கிறது.