ஒரே கதைக்கு இரண்டு விலை!

கெட்டி அட்டை போட்ட புது ஆங்கில நாவலின் விலையைக் கேட்டு மலைத்துப் போகிறவர்கள் உண்டு. ஓராண்டு பொறுத்தால், அதே நாவல் மெல்லிய அட்டையுடன் பெரும்பாலும் பாதி விலைக்கு வந்துவிடுகிறது. கதையில் ஓர் எழுத்துக்கூடக் குறைவதில்லை. அப்படியானால், அட்டைக்கா அவ்வளவு விலை?

இல்லை. இரண்டு அட்டைகளுக்கும் தயாரிப்புச் செலவில் உள்ள வித்தியாசம் சொற்பமே. உண்மையில் பதிப்பாளர் விலை வைப்பது வாசகரின் ஆவலுக்கு! வெளிவந்த உடனே படிக்கத் துடிப்பவர்களும், பலர் கை பட்டாலும் தாங்கும் புத்தகத்தை நாடும் நூல் நிலையங்களும் முதலில் வாங்குகிறார்கள். முதற்செலவில் பெரும் பகுதி அதிலேயே ஈடாகிவிடுகிறது. பிறகுதான் மலிவுப் பதிப்பு.

ஆறு பென்ஸ் புத்தகம்

பிரிட்டனில் 1930-களில் ஒரு புது நாவலின் விலை ஏழு ஷில்லிங் ஆறு பென்ஸ். அதாவது 90 பென்ஸ். சாமானியர் எப்படி வாங்குவார்? 1935 ஜூலையில் ஆலன் லேன் என்ற பதிப்பாளர், முன்பே வெளிவந்த பத்து நூல்களைக் காகித அட்டையில், 'பெங்குவின்' என்ற பெயரில் வெளியிட்டார். விலை ஆறே பென்ஸ்! ஒரு நாவலின் விலைக்குப் பதினைந்து புத்தகங்கள்!

ஆனால் ஒவ்வொரு நூலும் சுமார் 17,000 பிரதிகளுக்கு மேல் விற்றால்தான் கையைக் கடிக்காது. கடைக்காரர்களோ தயங்கினார்கள். கை கொடுத்தது ஊல்வொர்த் என்ற பல்பொருள் கடை. ஆறு பென்ஸுக்கு மேற்பட்ட சாமான் எதையும் அக்காலத்தில் அது விற்பதில்லை. 63,500 பிரதிகளுக்கு அது ஆர்டர் கொடுத்தது. ஓராண்டுக்குள் பெங்குவின் நூல்கள் 30 லட்சம் விற்றன!

ஆர்வெல்லின் கவலை

மகிழ்ச்சியோடு கவலையும் பிறந்தது. வாசகன் என்ற முறையில் தமக்கு இது கொண்டாட்டமே. எழுத்தாளன் என்ற முறையில் இது ஆபத்து என்று 1936-ல் எழுதினார் ஜார்ஜ் ஆர்வெல். ஐந்து ஷில்லிங் வைத்திருப்பவர் இரண்டரை ஷில்லிங் புத்தகம் என்றால் இரண்டு வாங்குவார். ஆறு பென்ஸ் என்றால் பத்து வாங்க மாட்டார், மூன்று வாங்கிக்கொண்டு மிச்சப் பணத்தில் சினிமாவுக்குப் போய்விடுவார் என்பது அவர் கணக்கு.

கணக்கு சரிதான், ஆனால் அது பழைய வாசகரைப் பற்றிய கணக்கு. ஆறு பென்ஸ் வந்த பிறகே புத்தகக் கடை ஏறிய புது வாசகர் அதில் இல்லை. இருவரையும் இழக்காமலிருக்கப் பதிப்பாளர்கள் பிடித்துக்கொண்ட வழிதான் இந்த இரட்டை விலை.

பொறுத்தவர் பூமி ஆள்வார் என்பார்கள். புத்தகக் கடையில் பொறுத்தவர், அதே கதையைப் பாதி விலைக்கு ஆள்கிறார்!